நடக்கவும் பாட்டு கேட்கவும் ஒரு இயர்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் ஹரித்ராநதிக் குளத்தின் நாலு கரையையும் விடியற்காலையில் சுற்றி வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எட்டு வருடத்தில் ஆறு வயர்லெஸ் இயர்போன் வாங்கி, அதில் மூன்றை உருப்படாமல் பண்ணியிருக்கிறேன். அந்த அனுபவமே போதும் என்று நினைத்தோ என்னவோ, நடைக் கூட்டாளிகள், சொந்தக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று புதிதாக வாங்கப் போகிற எல்லாரும் என்னிடம் வந்துதான் யோசனை கேட்கிறார்கள். ஒரே பதிலை ஆளுக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. கேட்ட கேள்விகளைக் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணே, சுருக்கமா சொல்லுங்க, எதை வாங்கட்டும்?

காதில் நிற்கிறதை, வியர்வை தாங்குகிறதை வாங்குங்கள். மாடல் பெயர் சொல்ல மாட்டேன், நான் எழுதி நீங்கள் கடைக்குப் போவதற்குள் அந்த மாடல் நின்றுபோய் வேறு பெயரில் வேறு டப்பாவில் வந்திருக்கும். 1,500 முதல் 2,500 ரூபாய் வரை வைத்துக்கொண்டால் போட், நாய்ஸ் மாதிரி நம் நாட்டு பிராண்டுகளிலும் சரி, ரியல்மி, ஒன்பிளஸ் மாதிரி சீன பிராண்டுகளிலும் சரி, நடைக்கும் பஸ் பயணத்துக்கும் போதுமான ஒன்று கிடைத்துவிடும். ஐயாயிரத்துக்கு மேல் போனால் பாட்டில் தெளிவு கூடும், போன் பேசும்போது எதிராளிக்கு நம் குரல் நன்றாகக் கேட்கும். ஆனால் விலை கூடின சாமான் வியர்வையில் கெடாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், என்னிடம் கெட்டுப்போன மூன்றில் ஒன்று ஏழாயிரம் ரூபாய்.

நெக்பேண்டா, தனித்தனி பட்ஸா?

கழுத்தில் போடுகிற பட்டையின் இரண்டு நுனியிலும் இயர்போன் தொங்குவது நெக்பேண்ட், வயரே இல்லாமல் காதுக்கு ஒன்றாகப் போடுவது பட்ஸ். நெக்பேண்ட் என்றால் பசங்க சிரிக்கிறார்கள், பழைய காலத்து ஆள் என்று. சிரிக்கட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆடிப்பெருக்குக்கு நாலைந்து நாள் முன்னால், பாமணி ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வந்த புதுத் தண்ணீர் கலங்கலாகக் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து வியர்வையைத் துடைக்கலாம் என்று தோளில் கிடந்த துண்டை இழுத்தேன், துண்டு நுனி வலது காதில் மாட்டி பட்ஸைத் தூக்கி எறிந்தது. ‘தொபுக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பையன் “முங்கிப் பாக்கட்டா, எவ்ளோ பெருசு இருக்கும்?” என்று கேட்டான். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு என்றேன். அவன் சிரித்துவிட்டு சோப்பு போடப் போய்விட்டான். இடது காது மட்டும் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். விலை குறைந்த மாடல்களில் ஒற்றை பட்ஸ் தனியாகக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் கூட இன்னும் கொஞ்சம் போட்டால் புது ஜோடியே வாங்கிவிடலாம்.

நெக்பேண்டில் இந்தத் தொல்லை இல்லை, காதிலிருந்து விழுந்தால் மார்பில் தொங்கும். கழுத்துப் பட்டையில் இடம் இருப்பதால் பேட்டரியும் பெரிசு, பொத்தானை விரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தலாம். பட்ஸில் இருக்கிற தொடு உணரியோ வியர்வைத் துளி பட்டாலே பாட்டை நிறுத்தும், சில நேரம் யாருக்காவது போன் போட்டுவிடும். பட்ஸின் நல்ல பக்கம், கழுத்தில் எதுவும் ஆடாது, படுத்துக்கொண்டு தண்டால் எடுக்கலாம், ஒற்றைக் காதில் மட்டும் போடலாம். ஓடுகிறவர்களுக்கு நெக்பேண்ட் கழுத்தில் தட்டிக்கொண்டே இருக்கும், அவர்களுக்குக் காதுக் கொக்கி வைத்த பட்ஸ்தான் சரி. நடையும் வீட்டு வேலையும் மட்டும் என்றால் நெக்பேண்டையே சொல்வேன்.

டப்பாவில் ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

தண்ணீர் தாங்கும் அளவு. கடைசி எண்தான் தண்ணீருக்கு, அதற்கு முன்னால் வருவது தூசிக்கு. தூசி இடத்தில் ‘எக்ஸ்’ இருந்தால் அந்தச் சோதனையின் அளவு குறிப்பிடப்படவில்லை என்று பொருள். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். 5 என்றால் சின்னக் குழாயில் நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் வேகத்தில் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். 7 இருந்தால் 5-ஐயும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மூழ்குவது வேறு, பீய்ச்சுவது வேறு, இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை.

நடைக்கு 4 போதும், ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் 5 பாருங்கள். எந்த எண்ணும் இல்லாத டப்பாவை உடற்பயிற்சிக்கு வாங்காதீர்கள். இன்னொன்று, இந்தச் சோதனை எல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது, உப்பு வியர்வையில் இல்லை. புதுச் சாமானுக்குத்தான் அந்த எண், ஒரு தடவை கீழே விழுந்து ஓட்டு லேசாக விரிந்துவிட்டால் டப்பாவில் மட்டும்தான் அது இருக்கும்.

ஐபிஎக்ஸ்5 இருந்தும் ஐப்பசியில் செத்துப்போச்சே, ஏன்?

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய இரண்டு ஜோடி இப்படித்தான் போனது.

நடந்து முடித்ததும் என்ன செய்கிறோம்? காதிலிருந்து எடுத்து, வியர்வையோடு அப்படியே சார்ஜ் ஏற்றும் பெட்டியான கேஸில் போட்டு, டக்கென்று மூடுகிறோம். உள்ளே போன உடனே சார்ஜ் ஏற ஆரம்பிக்கிறது. உப்புத் தண்ணீர், உலோக முனை, மின்சாரம் மூன்றும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். பித்தளைச் செம்பில் புளித் தண்ணீரை ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் களிம்பு ஏறியிருக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான், மின்சாரம் சேர்ந்ததால் இன்னும் வேகம். என் பட்ஸ் இடது பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று பார்த்தபோது, கேஸின் குழிக்குள் கடுகளவு இருக்கிற இரண்டு முனையில் ஒன்று தங்க நிறத்தில் மின்னியது, மற்றது பச்சை பூத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. வாரண்டி இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்தவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு “வாட்டர் டேமேஜ் சார், இதுக்கு வாரண்டி கிடையாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டப்பாவில் ஐபிஎக்ஸ்5 இருக்கிறதே என்றேன். அது பட்ஸுக்கு சார், கேஸுக்கு இல்லை என்றார். கோபம் வந்தது, ஆனால் வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் துணியே இரண்டு நாள் காயாது, கேஸுக்குள் போன ஈரம் மட்டும் எங்கே போகும்? அதனால் இப்போது என் பழக்கம் இது: வீட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியால் பட்ஸைத் துடைத்து, உலோக முனையைத் தனியாக ஒரு தரம் துடைத்து, ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம் வெளியிலேயே வைப்பேன். காபி குடித்து முடித்த பிறகுதான் கேஸ். மாத்திரை டப்பாவிலும் செருப்பு டப்பாவிலும் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை கேஸோடு ஒரு மூடி டப்பாவில் போட்டு வைப்பேன். இப்போது இருக்கிற ஜோடி மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

நெல் விளைகிற ஊரிலிருந்தே சொல்கிறேன், நனைந்ததை அரிசிக்குள் புதைக்காதீர்கள். ஈரத்தை அது பெரிதாக உறிஞ்சாது, தவிடும் மாவும்தான் வலைக்குள் போய் அடைக்கும். வெயிலிலும் வைக்க வேண்டாம்.

எது போட்டாலும் காதிலிருந்து நழுவுகிறது, என் காது அப்படியா?

காது அப்படி இல்லை, இயர்போன் நுனியில் இருக்கிற ரப்பர்தான் அளவு தப்பு. டப்பாவுக்குள் சின்னது, பெரியது என்று இரண்டு மூன்று ஜோடி ரப்பர் ஒரு கவரில் இருக்கும், பலர் அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை. இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு வேறு அளவு இருக்கலாம், அதில் தப்பே இல்லை, எனக்கே அப்படித்தான்.

போடும்போது எதிர்க் கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் லேசாக இழுத்துப் பிடித்து, பட்ஸை உள்ளே வைத்துக் கொஞ்சம் திருப்புங்கள். அப்புறம் பாட்டைப் போட்டுவிட்டு வெற்றிலை மெல்லுகிற மாதிரி தாடையை ஆட்டிப் பாருங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் உருவமும் மாறும், அப்போது நழுவினால் அடுத்த அளவுக்குப் போங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு வாத்தியார் நிஜமாகவே கும்பகோணம் வெற்றிலையை மென்றுகொண்டேதான் நடப்பார், சிலிகான் ரப்பர் எதுவும் அவருக்கு நிற்கவில்லை, கடைசியில் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி விரியும் ரப்பர் வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று யாருக்கும் நிற்காது, காதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

‘பேஸ் வரவே இல்லை, ஏமாற்றிவிட்டான்’ என்கிறவர்களுக்கும் இதே பதில்தான். காதில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் அடிச்சத்தம் முழுக்க வெளியே கசிந்துவிடும். கடையைத் திட்டுவதற்கு முன் ரப்பரை மாற்றிப் பாருங்கள்.

வாங்கும்போது சத்தம் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடைக்காரர் போடுகிற பாட்டில் பார்க்காதீர்கள், அது எந்த இயர்போனிலும் அதிர்கிற பாட்டாகத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பதிவைக் கொண்டுபோங்கள். நான் எப்போதும் ஒரு கச்சேரிப் பதிவைத்தான் போட்டுப் பார்ப்பேன். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியிலிருந்து வருகிற கும்கி, அந்த அடிநாதம், உருண்டு வருகிறதா, இல்லை ‘தொம் தொம்’ என்று சாக்கு மூட்டையில் குத்துகிற மாதிரி இருக்கிறதா? வலது பக்கமான வலந்தலையில் அடிக்கிற சாப்பு கணீரென்று தனியாகக் கேட்கிறதா? பாட்டு ஏறும்போது தம்புரா காணாமல் போகிறதா? விலை குறைந்த பட்ஸ்களில் அடிச்சத்தத்தை வேண்டுமென்றே தூக்கி வைத்திருப்பார்கள், தொப்பி வந்து பாடகர் குரலை விழுங்கிவிடும். நாகஸ்வரம் அடுத்த சோதனை. மட்டமான இயர்போனில் மேல் ஸ்தாயியில் அது காதைக் கிழிக்கும், ஐந்து நிமிடத்தில் கழற்றி வைக்கத் தோன்றும். கழற்றத் தோன்றினால் வாங்காதீர்கள்.

உள்ளே சத்தம் எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவர் 10 மில்லிமீட்டரா 13-ஆ என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, பெரிய தவில் எல்லாம் நல்ல தவிலா என்ன?

எல்டாக், ஏஏசி என்கிறார்களே, அது வேண்டுமா?

புளூடூத் வழியாகப் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகள். எல்டாக் சோனியுடையது, நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஐபோனில் வேலை செய்யாது. ஐபோன் வைத்திருந்தால் ஏஏசி இருந்தால் போதும். பெரும்பாலும் யூடியூபில் கேட்கிறவர்களுக்கு இதற்கென்று தனியாகப் பணம் கொடுப்பது வீண், அங்கே வருகிற ஒலியே சுருக்கப்பட்டதுதான். 1956-ல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தைப் பழைய இசைத்தட்டுப் பதிவில் கேட்கிற என் மாதிரி ஆளுக்கு இன்னும் வீண், தட்டிலேயே இல்லாத சத்தத்தை எந்த முறையும் கொண்டுவந்து கொடுக்காது.

ஏஎன்சி இருக்கிறதையே வாங்கவா?

தினமும் பஸ்ஸில் போகிறவர் என்றால் வாங்குங்கள். வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே போட்டு அமுக்குவது ஏஎன்சி. எஞ்சின் உறுமல், ஃபேன், ஏசி, மோட்டார் மாதிரி மாறாமல் ஓடுகிற தாழ்ந்த இரைச்சலில் நன்றாக வேலை செய்யும். நீடாமங்கலத்தில் கேட் போட்டு, பஸ் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும்போது அதன் அருமை தெரியும். அதே பஸ்ஸில் பின் சீட்டில் ஒருவர் போனில் மனை விலை பேசினால் அது அப்படியேதான் கேட்கும், ஏர் ஹாரனும் கேட்கும்.

ஒரு இடத்தில் உஷாராக இருங்கள். டப்பாவில் ‘ஈஎன்சி’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் பேசும்போது எதிராளிக்குப் போகிற இரைச்சலைக் குறைப்பது, உங்கள் காதுக்கு வருவதை ஒன்றும் செய்யாது. ஒரு எழுத்து மாறினால் சாமானே வேறு, இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ரோட்டில் நடக்கும்போது போடலாமா?

குளத்தங்கரையில் போடலாம். ரோட்டில் ஒற்றைக் காதில் மட்டும், வண்டி எதிரே வருகிற பக்கமாக நடந்துகொண்டு. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் நாமும் டிராக்டரும்தான். வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதி சில பட்ஸில் உண்டு, காற்று அடித்தால் அதில் ‘புஸ்’ஸென்று இரைச்சல்தான் கேட்கும். ரோட்டில் ஓடித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் ரகத்தைப் பார்க்கலாம், ஷாக்ஸ் என்ற பிராண்டு அதில் பெயர் பெற்றது. காதுத் துளை திறந்தே இருக்கும், வியர்த்துப் புழுங்காது. அடிச்சத்தம் குறைவு, விலை அதிகம்.

பைக்கில் வேண்டாம். தண்டவாள ஓரத்தில் வேண்டவே வேண்டாம். குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் நடப்பதே 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. டீசல் போய் மின்சார எஞ்சின் வந்த பிறகு ரயில் வருகிற சத்தமும் குறைந்துவிட்டது.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? காது அரிக்கிறது, அது இதனாலா?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 ஆனால் நாலு மணி நேரம்தான். இப்போதைய போன்கள் பலவற்றில் கேட்கிற அளவைக் காட்டும் வசதி இருக்கிறது. இல்லையென்றால், போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழாத அளவுக்கு வைத்திருந்தால் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிப்புக்கு இயர்போனும் ஒரு காரணமாக இருக்கலாம். புழுக்கமான ஊரில், ஈரமான காதை ரப்பரால் மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சை வரும். தலைக்குக் குளித்த கையோடு போடாதீர்கள், அடுத்தவர் பட்ஸை வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு தொடர்ந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் காது டாக்டரைப் பாருங்கள்.

50 மணி நேரம் என்று போட்டு 5 மணி நேரத்தில் நிற்கிறதே?

50 என்பது கேஸில் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றிக்கொண்டால் வருகிற மொத்தம். ஒரு தடவை காதில் போட்டால் எத்தனை மணி நேரம் என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். உள்ளே இருப்பது பொட்டளவு பேட்டரி, இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றவும் முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். சித்திரை வெயிலில் கார் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம்.

மாமா, பம்புசெட்டில் குளிக்கும்போது போடலாமா?

ஐபிஎக்ஸ்7 ஆக இருந்தாலும் போடாதே தம்பி, அந்தத் தண்ணீர் விழுகிற வேகத்துக்கு அது செய்ததில்லை. ஆற்றில் முங்கினால் புளூடூத்தும் வராது, தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும். நீந்துகிறவர்களுக்கென்று பாட்டை உள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும் இயர்போன் தனியாக விற்கிறார்கள்.

ஆன்லைனா, கடையா?

விலை ஆன்லைனில் குறைவு, கெட்டுப்போனால் நேரில் கேட்க ஆள் இருப்பது கடையில். எங்கே வாங்கினாலும் டப்பாவில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். வயர்லெஸ் இயர்போனுக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் முந்நூறு ரூபாய்க்குப் பெரிய பெயர் போட்டு விற்கிறதில் அந்த எண் இருக்காது, அல்லது வேறு யாருடையதாகவோ இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை, புதுசு வாங்கணுமா?

முதலில் இரண்டையும் கேஸில் போட்டு, போனில் அந்த இணைப்பை அழித்துவிட்டுத் திரும்பச் சேருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரப்பரைக் கழற்றி, உள்ளே இருக்கிற சல்லடையை வெளிச்சத்தில் பாருங்கள். பாதி நேரம் குறும்பிதான் அடைத்திருக்கும். பட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, ஈரமில்லாத பழைய பல் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். என் மைத்துனன் போன தீபாவளிக்கு இடது பக்கம் செத்துவிட்டது என்று கொண்டுவந்தான். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் தேய்த்துக் கொடுத்தேன், கணீரென்று பாடியது. அவன் போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா நேத்தே புதுசு ஆர்டர் போட்டுட்டேன்” என்றான்.